வள்ளி திருமணம் பற்றி ஆய்வு: புத்தகத்தை எழுதுவதா, விடிய விடிய நடந்த நாடகத்தை எழுதுவதா?

தினைப்புனம்

எல்லோருக்கும் வணக்கம். தமிழ்த்துறையில் முனைவர் பட்ட ஆய்வு, முதல் வருடம். எடுத்திருப்பது சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம். நெறியாளர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அச்சுப் புத்தகத்தை வைத்து எழுது, மேடையில் எவரோ கூடச் சேர்த்துப் பேசியதெல்லாம் நமக்கு வேண்டாம்.

எனக்குச் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. மேலூர்ப் பக்கம் எங்கள் அம்மா ஊரில் திருவிழாவுக்குப் போட்ட வள்ளி திருமணத்தைப் பத்து மணியிலிருந்து விடியும் வரை உட்கார்ந்து பார்த்தேன். கையில் இருக்கிற புத்தகத்தில் நாரதர் வந்து வள்ளியிடம் பேசுகிற இடம் சில பக்கம்தான். மேடையில் அதே இடம் இல்லறமா துறவறமா என்று தொடங்கி, எதிரெதிர்ப் பாட்டு, திருக்குறள், நடுவில் ஊர்த்தலைவரைக் கிண்டல், மறுபடி பாட்டு என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. சனம் எழுந்திருக்கவே இல்லை. கோமாளியாக வரும் பபூனும் அவரோடு ஆடிப் பேசும் டான்ஸ் பெண்ணும் என் புத்தகத்தில் ஒரு வரிகூடக் கிடையாது, ஆனால் இரவின் முதல் பாதியே அவர்களுடையதுதான். இதையெல்லாம் விட்டுவிட்டு எழுதினால் நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

நூலகத்தில் பழைய ஆய்வேடுகளைப் புரட்டினேன். எல்லாம் ஒரே மாதிரி: ஆசிரியர் வரலாறு, கதைச் சுருக்கம், பாத்திரப் படைப்பு, மொழிநடை, சமுதாயப் பார்வை, முடிவுரை. நாடகத்தை எடுத்துவிட்டு நாவலை வைத்தாலும் இயல் பிரிப்பு அப்படியே பொருந்தும்.

கேட்க வேண்டியது இதுதான். பத்திரிகையில் வரும் நாடக விமர்சனத்துக்கும், திறனாய்வுக்கும், ஆய்வேட்டுக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்? மேடையில் நடந்ததை ஆய்வாக எழுதிய முன்மாதிரி ஏதாவது உண்டா? நெறியாளரிடம் சண்டை போடாமல் இதை எப்படி உள்ளே கொண்டுவருவது? பெரியவர்கள் சொல்லுங்கள்.

திருநகர் வாத்தியார்

அம்மா, முதலில் ஒரு ஆறுதல். உங்கள் நெறியாளர் தனி ஆள் இல்லை, அவர் பக்கம் அரிஸ்டாட்டிலே இருக்கிறார். துன்பியல் நாடகத்துக்கு ஆறு உறுப்பு சொல்லி, காட்சியமைப்பைக் கடைசியில் தள்ளி, மேடையும் நடிகனும் இல்லாமலே நாடகத்துக்கு அதன் வலிமை உண்டு என்று எழுதியவர் அவர். படிக்கிற நாடகம் உசத்தி, பார்க்கிற நாடகம் அப்புறம் என்கிற எண்ணத்துக்கு அவ்வளவு வயது.

பத்திரிகை விமர்சனம் என்பது நாளைக்கு டிக்கெட் வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவனுக்காக எழுதுவது. அதற்கு அவசரம் உண்டு, அந்த அவசரத்தில்தான் அதன் பலமும் இருக்கிறது. 1956 மே மாதம் லண்டன் ராயல் கோர்ட்டில் ஜான் ஆஸ்பர்னின் 'லுக் பேக் இன் ஆங்கர்' அரங்கேறியபோது பெரும்பாலான விமர்சகர்கள் அரை மனதாகத்தான் எழுதினார்கள். கென்னத் டைனன் மட்டும் அந்த வார அப்சர்வரில், இந்த நாடகத்தைப் பார்க்க விரும்பாத ஒருவரைத் தன்னால் நேசிக்க முடியுமா என்பதே சந்தேகம் என்கிற அளவுக்குப் போனார். இன்று அந்த நாடகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் டைனனைத் தொடாமல் போவதில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், இங்கே நீங்கள் பார்த்த வள்ளி திருமணம் மாதிரியான ஸ்பெஷல் நாடகத்துக்கு 'நாளைக்கு' என்பதே இல்லை. ஒரு ஊரில் ஒரு ராத்திரி, டிக்கெட்டும் கிடையாது, மறுநாள் அதே ஆட்கள் வேறு வேறு ஊரில். அப்படி இருக்கும்போது பத்திரிகை விமர்சனம் எங்கிருந்து வரும்? நம்மவர்களுக்கு ரசனை இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள், காரணம் அது இல்லை.

அடுத்தது பிரதியை வைத்துச் செய்யும் திறனாய்வு. நீங்கள் நூலகத்தில் பார்த்த 'பாத்திரப் படைப்பு' இயலுக்குப் பூர்வீகம் எதுவென்றால், பெரும்பாலும் ஏ.சி. பிராட்லி 1904இல் வெளியிட்ட 'ஷேக்ஸ்பியரியன் டிராஜெடி'. ஹாம்லெட்டையும் மக்பெத்தையும் நிஜ மனிதர்களைப் போல எடுத்து அவர்கள் மனத்துக்குள் போய்ப் பார்க்கும் முறை. நல்ல புத்தகம், இப்போதும் படிக்கலாம். அந்த முறை எல்லை மீறிப் போனதைக் கிண்டலடித்து எல்.சி. நைட்ஸ் 1933இல் ஒரு கட்டுரை போட்டார், தலைப்பே 'லேடி மக்பெத்துக்கு எத்தனை குழந்தைகள்?'. அங்கே அந்தச் சண்டை முடிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இங்கே நாம் இன்னும் வள்ளியின் குணநலன்களை வரிசை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

நம் பக்கம் என்ன இருக்கிறது என்றால் இலக்கணம் இருக்கிறது, ஏராளமாக. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மேடைக்கு ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அளவு முதற்கொண்டு வந்துவிடுகிறது, மூன்று வகைத் திரையும் உண்டு. இதோ நம் திருப்பரங்குன்றம் பக்கத்து விளாச்சேரியில் பிறந்த பரிதிமாற் கலைஞர் 1897இல் 'நாடகவியல்' எழுதினார். விபுலானந்தர் மதுரைத் தமிழ்ச் சங்கத்து ஆதரவில் 1926இல் 'மதங்க சூளாமணி' கொண்டுவந்தார், ஷேக்ஸ்பியரையும் வடமொழி நாடக இலக்கணமான தசரூபகத்தையும் சிலம்பையும் ஒரே நூலில் வைத்துப் பேசிய துணிச்சல் வேறு எவருக்கு வந்தது! ஆனால் இவை நாடகம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் நூல்கள். ஒரு நாள் ராத்திரி என்ன நடந்தது என்று சொல்வதில்லை.

நெறியாளரிடம் சண்டை வேண்டாம் என்றீர்கள். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு இளம்பூரணர் உரையைத் திறந்து, அவர் எடுத்துக்காட்டும் செயிற்றியனார் சூத்திரத்தைக் காட்டுங்கள்: "உய்ப்போன் செய்தது காண்போர்க் கெய்துதல் மெய்ப்பா டென்ப மெய்யுணர்ந் தோரே." ஆடுகிறவன் செய்தது பார்க்கிறவனிடம் போய்ச் சேர வேண்டும், அதுதான் மெய்ப்பாடு. பார்க்கிறவனை விட்டுவிட்டு நாடகத்தை ஆராய முடியாது என்பதற்கு இதைவிடப் பழைய சான்று தேட வேண்டியதில்லை, அதிலும் இளம்பூரணரைத் தமிழ்த்துறையில் யார் தட்டுவார்?

ஆர்மோனியக்கட்டை

வாத்தியார் ஐயா சொன்னது பாதி எனக்குப் புரியவில்லை, ஆனால் ஸ்பெஷல் நாடகத்துக்கு விமர்சனமே இல்லை என்பது மாதிரி வந்ததால் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் தாத்தா, அப்பா இரண்டு பேரும் ஆர்மோனியம். நானும் சீசனில் வாசிக்கிறேன்.

அக்கா, விமர்சனம் இருக்கிறது, யாரும் எழுதி வைப்பதில்லை, அவ்வளவுதான். விடிந்ததும் வேனில் ஏறினால் ஊர் வந்து சேரும் வரை அதுதான் பேச்சு. ராஜபார்ட், அதாவது நாயக வேடக்காரர், எந்த இடத்தில் சுருதி விட்டார், நாயகி வேடம் போட்ட ஸ்திரீபார்ட் கேட்ட கேள்விக்கு நாரதர் பதில் தெரியாமல் பாட்டை நீட்டி எப்படித் தப்பித்தார், பபூன் எந்த ஜோக்கை ஊர் தெரியாமல் விட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார், ஆல்ரவுண்ட் தாளக் கருவிகளை அடித்தவர் தூங்கினாரா என்று ஒன்று விடமாட்டார்கள். உங்கள் பத்திரிகைக்காரர்கள் அந்த அளவுக்கு எழுதினால் கேஸ் போட்டுவிடுவார்கள்.

ஒத்திகை கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அட்வான்ஸ் கொடுக்கிறார்கள், ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் மதுரை, பபூன் திண்டுக்கல், அன்றைக்குச் சாயந்திரம்தான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதே. கதை எல்லோருக்கும் தெரியும், பாட்டு தெரியும், சுவாமிகள் போட்டுக்கொடுத்த தடம் அது. அந்தத் தடத்தை விட்டு எவ்வளவு தூரம் போய்விட்டு எப்படித் திரும்பி வருகிறார் என்பதில்தான் கலைஞனுக்குப் பேர். அதனால் புத்தகமே வேண்டாம் என்றும் எழுதிவிடாதீர்கள். புத்தகம் தெரியாதவனை எங்கள் ஆட்கள் மேடையிலேயே மடக்கிவிடுவார்கள்.

ஊர்க்காரர் விமர்சனம் வேறு. பிடித்த பாட்டுக்கு அன்பளிப்பு வரும், பேரைச் சொல்லி மைக்கில் அறிவிக்க வேண்டும், ரூபாய் நோட்டைச் சட்டையில் ஊசி வைத்துக் குத்திவிட்டுப் போவார்கள். நாரதரும் வள்ளியும் மோதும் அந்தத் தர்க்கம் சொதப்பினால் கிழவிகள் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய விமர்சனம் அடுத்த வருசத்து நோட்டீஸ். அதே ஊரில் அதே ராஜபார்ட் போட்டோ மறுபடி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாஸ். ஒரே ஊரின் பழைய நோட்டீஸ்களைத் தேடினால் விழாக் கமிட்டிக்காரர் எவர் வீட்டிலாவது பரணில் கிடக்கும், அதை வரிசையாக வைத்துப் பார்த்தாலே யார் ஏறினார், யார் இறங்கினார் என்று தெரிந்துவிடும்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வு என்று வருகிறார்கள், போனை நீட்டிப் பதிவு செய்கிறார்கள், அப்புறம் ஆளைப் பார்க்க முடிவதில்லை. எழுதியதைக் கொண்டுவந்து காட்டினவர் எங்கள் வீட்டுக்கு எவரும் வந்ததில்லை. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

காளவாசல்

ஆர்மோனியக்கட்டை எழுதியதில் அந்த நோட்டீஸ் விஷயம் ஒன்றே ஒரு இயலுக்குத் தாங்கும். தங்கச்சி அதை விட்டுவிட வேண்டாம்.

எனக்குத் தெரிந்தது நவீன நாடகப் பக்கம். 1977இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பயிற்சி முகாம், அதே வருடம் சென்னையில் கூத்துப்பட்டறை நாடகக் குழு, 1978இல் இங்கே மதுரையில் மு. இராமசாமியின் நிஜ நாடக இயக்கம் என்று ஒரே வீச்சில் எல்லாம் வந்தது. சோபாக்ளிஸின் ஆன்டிகனி 'துர்க்கிர அவலம்' ஆனது இங்கேதான். அந்த நாடகங்களுக்கு விமர்சனம் வந்தது சிற்றிதழ்களில், எழுதியவர்கள் பெரும்பாலும் நாடகம் போடுகிறவர்களே அல்லது அவர்கள் சிநேகிதர்கள். அதனால் ஒன்று அளவுக்கு மீறிய புகழ், இல்லையென்றால் பழைய கணக்கைத் தீர்ப்பது. நடுவில் நிதானமாக எழுதியது குறைவு. அந்தக் குறைவில் தேடி எடுக்க வேண்டியவை என்றால் தெருக்கூத்தையும் நாடகத்தையும் பற்றி ந. முத்துசாமி எழுதிய 'அன்று பூட்டிய வண்டி' கட்டுரைகளும், வெளி ரங்கராஜன் நடத்திய நாடகவெளி இதழ்களும். முத்துசாமி கூத்தாடியின் உடம்பு என்ன செய்கிறது என்று பார்த்து எழுதுவார், கதை என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொண்டு நிற்கமாட்டார். உங்களுக்கு வேண்டிய பார்வை அதுதான்.

வாத்தியார் ஐயா நினைவுக் குறிப்புகளை விட்டுவிட்டார். பம்மல் சம்பந்த முதலியாரின் 'நாடக மேடை நினைவுகள்', டி.கே. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' இரண்டும் வெறும் சுயசரிதை இல்லை. சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவனாகச் சேர்ந்து வளர்ந்தவர் சண்முகம், எந்தப் பாட்டை எப்படிச் சொல்லிக்கொடுத்தார், எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்று உள்ளிருந்து பார்த்த சாட்சி. உங்கள் தலைப்புக்கு அது முதல்நிலைச் சான்று.

ஸ்பெஷல் நாடகத்தையே ஆய்வாக எழுதிய முன்மாதிரி கேட்டீர்களே, இருக்கிறது. சூசன் சைசர் என்கிற அமெரிக்க மானிடவியலாளர் மதுரையை மையமாக வைத்து இந்தக் கலைஞர்களோடு பழகி, 2005இல் 'ஸ்டிக்மாஸ் ஆஃப் தி தமிழ் ஸ்டேஜ்' என்று ஆங்கிலத்தில் புத்தகம் போட்டார். பபூன்-டான்ஸ் காட்சியை வசனம் வசனமாக எடுத்து, யார் மேடையில் எந்தப் பக்கம் பார்த்துப் பேசுகிறார், ஜோக்கை யாரிடம் சொல்கிறார் என்பது வரை பிரித்துப் பார்க்கிறார். நடிகைகள் நாடகத்துக்குப் போகிற வழியில் ஊர்ப் பார்வையில் படாமல் இருக்க என்னவெல்லாம் செய்கிறார்கள் என்று ஒரு பகுதி உண்டு, அதைப் படித்தால் நாடகம் மேடையில் ஆரம்பிப்பதில்லை என்று தெரியும். எனக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு குறை, பாட்டை விடப் பேச்சுக்கும் சிரிப்புக்கும்தான் அவர் காது அதிகம். நீங்கள் தர்க்கத்தை எடுத்துக்கொண்டால் அவர் போகாத இடத்துக்குப் போகலாம்.

கடைசியாக ஒன்று. மேடையில் கூடச் சேர்த்தது நமக்கு வேண்டாம் என்று நெறியாளர் சொன்னாராம். அப்படியானால் திருமங்கலத்தில் வாழ்ந்த நாடக நடிகர் விஸ்வநாத தாஸை என்ன செய்வது? வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டுகிற இடத்தில் கொக்கு பறக்குதடி பாப்பா என்று வெள்ளைக்காரனைக் கொக்காக்கிப் பாடினார், அதற்காகத் திரும்பத் திரும்ப ஜெயிலுக்குப் போனார். 1940 டிசம்பர் 31 ராத்திரி சென்னையில் இதே வள்ளி திருமணத்தில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் போயிற்று. அரசுக்குப் பிடிக்காத நாடகத்தைத் தடைசெய்ய வழிசெய்த 1876 நாடகச் சட்டம் இருந்த காலம். கொட்டகையில் உட்கார்ந்து குறிப்பெடுத்த போலீஸ்காரர்தான் அந்த மேடையைக் கவனமாகப் பார்த்த விமர்சகர் என்றுகூடச் சொல்லலாம், என்ன, அவருக்கு வேறு நோக்கம். தியடோர் பாஸ்கரன் அரசு ஆவணங்களைத் தோண்டித்தான் அந்தக் கால நாடகம், சினிமாவின் தேசிய அரசியல் பற்றி 1981இல் 'தி மெசேஜ் பேரர்ஸ்' எழுதினார். புத்தகத்தில் இல்லாத ஒரு பாட்டு இந்த நாடகத்தின் வரலாற்றிலேயே பெரிய சம்பவமாக இருக்கும்போது, பிரதி மட்டும் போதும் என்று எப்படிச் சொல்வது?

சோழவந்தான் எக்ஸ்பிரஸ்

எல்லோரும் நெறியாளரைச் சாத்துகிறீர்கள், நான் அவர் பக்கம் கொஞ்சம் பேசுகிறேன். நாளைக்கு வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்பார்: நீ சொல்கிற அந்த நாடகத்தை நான் எங்கே பார்ப்பது? புத்தகம் என்றால் பக்க எண் கொடுக்கலாம். ஒரு ராத்திரிக்கு என்ன எண் கொடுப்பாய்? 'சனம் எழுந்திருக்கவே இல்லை' என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்களே, ஆய்வேட்டில் அது போதாது. எத்தனை மணிக்கு, மேடைக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள், பெண்கள் பக்கமா ஆண்கள் பக்கமா, எந்த வரிக்குக் கைதட்டல் என்று வேண்டும். அது இல்லாமல் மேடை அனுபவம், உயிரோட்டம் என்று உருகி எழுதினால், கதைச் சுருக்கம் எழுதுகிறவரை விட நீங்கள் எந்த விதத்தில் மேல்?

ஒரே நாடகத்தை மூன்று நான்கு ஊரில் பாருங்கள், ஆனால் எழுதுவது நாரதர்-வள்ளி தர்க்கம் ஒன்றை மட்டும். புத்தகத்தில் அந்த இடம் இவ்வளவு, இந்த ஊரில் இப்படி விரிந்தது, அந்த ஊரில் வேறு வாதம் வந்தது என்று அருகருகே வைத்தால் நெறியாளரின் புத்தகமும் உள்ளே இருக்கும், உங்கள் இரவும் உள்ளே இருக்கும். முழு இரவையும் எழுதப் போனால் ஐந்து வருடம் பத்தாது. மக்பெத்தில் டங்கன் கொலைக்குப் பிறகு கதவைத் தட்டும் சத்தம் கேட்கும் அந்த ஒரு கணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அது ஏன் தன்னை அப்படிப் பிடித்து உலுக்கியது என்று டி குவின்சி 1823இல் எழுதியது சில பக்கம்தான், இன்றுவரை நிற்கிறது.

இன்னொன்று, இது முக்கியம். பபூன்-டான்ஸ் வசனத்தில் இரட்டை அர்த்தம் நிறைய வரும். அதை அப்படியே பெயரோடு ஆய்வேட்டில் போட்டால் ஆய்வேடு இணையத்தில் ஏறும், அந்த அம்மாவின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். சம்மதம் கேளுங்கள், கேட்ட பிறகும் பெயரை மாற்றுங்கள். ஆனால் தர்க்கத்தில் பிரமாதமாகப் பதில் சொன்ன ஸ்திரீபார்ட் தன் பெயர் வர வேண்டும் என்று சொன்னால் கட்டாயம் போடுங்கள். இரண்டுக்கும் ஒரே விதி வைக்காதீர்கள்.

திருநகர் வாத்தியார்

எக்ஸ்பிரஸ் சொன்ன அருகருகே வைக்கும் யோசனை நல்லது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'உருகி எழுதுவது' என்று தள்ளிவிட்டதில் எனக்குச் சம்மதம் இல்லை. டி குவின்சி நேரம் குறித்தா எழுதினார்? தனக்கு ஏற்பட்டதை முதலில் நம்பினார், பிறகுதான் காரணம் தேடினார். கடிகாரமும் வேண்டும், அதற்கு முன்னால் எந்த இடத்தில் கடிகாரத்தைப் பார்ப்பது என்று மனசுக்குத் தோன்றவும் வேண்டும்.

தினைப்புனம்

எல்லோருக்கும் நன்றி, நிறையத் தெளிவாகிவிட்டது. செயிற்றியனார் சூத்திரத்தை நெறியாளரிடம் காட்டினேன். இளம்பூரணரா என்று கேட்டார், புத்தகத்தை வாங்கிப் பார்த்தார், சரி, ஒரு இயல் மட்டும் என்றார். அதுவும் நடு இயலாக இருக்க வேண்டுமாம், முதலிலும் கடைசியிலும் வரக்கூடாதாம்! தர்க்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பபூன் பகுதியை விடுவது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, அதைத் தனிக் கட்டுரையாகப் பிறகு பார்க்கலாம்.

ஆர்மோனியக்கட்டை தம்பிக்கு ஒரு கேள்வி. பதிவு செய்ய யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? கலைஞர்களிடமா, விழாக் கமிட்டியிடமா? எங்கே உட்கார்ந்தால் தர்க்கம் நன்றாகக் கேட்கும்? எழுதி முடித்ததும் உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து படித்துக்காட்டுகிறேன், அது என் பொறுப்பு.

ஆர்மோனியக்கட்டை

இரண்டு பக்கமும் கேட்க வேண்டும் அக்கா. கமிட்டியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், கலைஞர்களிடம் மேக்கப் போடுவதற்கு முன்னால் கேளுங்கள், போட ஆரம்பித்துவிட்டால் யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். யாராவது வேண்டாம் என்றால் அவர் வருகிற இடத்தில் போனை அணைத்துவிடுங்கள், நம்பிக்கை வந்தால் அடுத்த ஊரில் அவரே எடுத்துக்கொள் என்பார். உட்காருவதற்கு ஸ்பீக்கர் பக்கம் போகாதீர்கள், காது போய்விடும். மேடைக்கு முன்னால் பாய் விரித்து உட்காரும் கிழவிகள் பக்கத்தில் இடம் பிடியுங்கள். நாரதர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அடுத்து என்ன வரும் என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள், அதையும் சேர்த்தே பதிவு செய்துகொள்ளுங்கள். பங்குனியில் எங்கள் பக்கம் நாடகம் நிறைய வரும், எந்த ஊர் என்று தெரிந்ததும் உள்பெட்டியில் நோட்டீஸ் போட்டோ அனுப்புகிறேன். பவர் பேங்க் எடுத்துக்கொண்டு வாருங்கள்.